அசல் படம்

“கன்னங்கரேல்னு அடிச்சு வெச்சிருக்கீங்களே, இதுக்குப் பேரு போட்டோவா?”

ஜூஜுவாடியில் எட்சனின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்த வேகத்தில் அந்தப் பெண் ஒரு படத்தை மேசைமேல் எறிந்தாள். போன வாரம் ஒரு கம்பெனியின் பாதுகாப்பு நாள் விழாவுக்கு எட்சன் எடுத்துக் கொடுத்த படம். கை நீட்டி உறுதிமொழி எடுக்கும் தொழிலாளர்களுக்குப் பின்னால் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஒன்று இருட்டில் நின்றது.

“யாரும்மா நீங்க?”

“இளம்பரிதி வீட்டுக்காரி. அன்னிக்கே சாயங்காலம் அந்த மெஷின்ல அவருக்கு மூணு விரல் போச்சு. கை உள்ள போகாம தடுக்கற கவரை அவரே கழட்டிட்டாருன்னு கம்பெனி சாதிக்குது. காலையில விழா நடக்கும்போதே கவர் இல்லைங்க! உங்க படத்துல ஒரு மண்ணும் தெரியல!”

எட்சனுக்குச் சுருக்கென்றது. அந்த விழாவில் பாதுகாப்பைப் பற்றி மேனேஜர் அரை மணி நேரம் முழங்கியது நினைவுக்கு வந்தது.

“இது பிரிண்ட்தாம்மா. அசல் ரா ஃபைல் கேமராவோட மெமரி கார்டுல இருக்கு. இருட்டுல இருக்கறதுகூட அதுல பதிவாகியிருக்கும்.”

அந்த ஃபைலைத் திறக்கும் கேமரா கம்பெனியின் சாஃப்ட்வேரை அன்று காலையில்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். எது எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. எதையோ இழுக்க, படம் முழுவதும் நீலமானது.

“தெரியாத ஆளுக்கு எதுக்குங்க கேமரா?” என்று சீறினாள்.

“சும்மா இருங்கம்மா!” அவனும் கத்தினான். படத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு, ‘ஷேடோ’ என்றிருந்ததை மட்டும் மெல்ல ஏற்றினான்.

மெஷின் துலங்கியது. கவர் இல்லை. கவரைப் பொருத்தும் துளைகளில் துரு. கழற்றிப் பல மாதங்கள் ஆகியிருக்க வேண்டும்.

“படுபாவிங்க!” மேசையில் ஓங்கிக் குத்தினான் எட்சன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “இது உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? கடையையே நொறுக்கிடுவாங்க. கார்டை என்கிட்டக் குடுங்க. கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சிடுங்க. லேபர் ஆபீசுல நானே நேர்ல குடுக்கறேன்.”

எட்சன் அப்படியே செய்தான். “விட்றாதீங்கம்மா. அவனுங்க மூஞ்சியில விட்டெறிங்க!”

அவள் போய் அரை மணி நேரமாகியும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்போது வலது கையில் பெரிய கட்டுடன் ஒருவன் படியேறி வந்தான்.

“அண்ணே, நான் இளம்பரிதி. அந்த விழாப் படத்தோட அசல் வேணும்ணே.”

“இப்பத்தானே உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போனாங்க?”



“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேண்ணே!”