கால்வாசிப் பாசம்

விமானப் பணிப்பெண் எழிலரசியின் பின்னங்கழுத்தில் கம்பெனி பதித்திருந்த சிப், பயணிகள் மீது அவளுக்கு எவ்வளவு பாசம் வரலாம் என்பதை ரூட் பார்த்து முடிவு செய்யும். பிராங்க்பர்ட் பறக்கும் பிசினஸ் புள்ளிகளுக்கு முழுசு. மாலத்தீவு போகும் சுற்றுலாக்காரர்களுக்குக் கால்வாசி. சீட் என்னவோ அதே சொகுசு சீட்தான்.

இன்று மாலத்தீவு. முன்வரிசையில் அவள் கணவன் முகிலன்! கல்யாண நாள் என்பதால் அவளிடம் சொல்லாமல் ஏறியிருந்தான்.

“ஏய், நான்தான்டி! ஒரு சிரிப்புகூட கிடையாதா?”

“இந்த ரூட்டுக்கு இவ்ளோதாங்க. பிராங்க்பர்ட் ஃப்ளைட்ல வந்திருக்கலாம்ல?”

“அப்ப வீட்ல?”

“வீட்டுக்கு யாரும் டிக்கெட் எடுக்கிறதில்லையேங்க.”

அவன் கண்கள் கலங்கின. தனக்கு வலிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. டிஷ்யூ ஒன்றை நீட்டிவிட்டு, அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள்.