நன்றி சொல்ல வந்தவர்

நார்வேயில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் தோருன், கதவைத் திறந்ததும் திகைத்துப்போனாள். கையில் கேக்குடன் டாக்டர் ரக்ன்ஹில்ட் நின்றிருந்தார்.

"டாக்டர்! நான்ல உங்களுக்குக் கேக் கொண்டு வரணும்? என் உள்ளங்கை அரிப்புக்கு மூணு வருஷமா எல்லாரும் களிம்புதான் எழுதிக் கொடுத்தாங்க. நீங்கதானே ரத்தம் எடுத்து, ஈரலுக்குள்ள பித்தக்குழாய் அழற்சின்னு கண்டுபிடிச்சீங்க! மாத்திரைல இப்ப நல்லாருக்கேன்."

"நானும் களிம்புதான் தடவிட்டிருந்தேன், தோருன்."

"நீங்களா?"

"தடிப்பே இல்லாம அரிக்குது, எந்நேரமும் அசதியா இருக்குன்னு நீங்க சொல்லச் சொல்ல, மேஜைக்கு அடியில என் கையை நான் சொறிஞ்சிட்டிருந்தேன். அன்னிக்கே உங்க ரத்தத்தோட என்னோடதையும் சோதனைக்கு அனுப்பினேன். எனக்கும் அதே நோய்தான்."

தோருன் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஈரல் கெடறதுக்கு முன்னாடி என்னைக் காப்பாத்தினது நீங்கதான்," என்றார் டாக்டர்.