காணாமல் போன ஒன்பது கிலோ

பதினைந்தே நாளில் ரேணுகாவிடமிருந்து ஒன்பது கிலோ காணாமல் போயிருந்தது. தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் மெஷின் காட்டிய எண்ணை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எழுபத்தொண்ணு," என்று படித்தான் எடை போடுகிற ரவிக்குமார்.

சனிக்கிழமைதோறும் இது நடக்கிறது. தன் கொழுந்துப் பையை இறக்கியதும் ரேணுகா செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நிற்பாள். முதல் வாரம் சுள்ளென்று வெயில், எண்பது. போன வாரம் தூறலில் ஓடிவந்து ஏறினாள், எழுபத்தாறு. இன்றைக்கு எதிர் மலை தெரியாத மழை. அவளுக்கே பாவாடை தொளதொளவென்று இருப்பதுபோலத் தோன்றியது.

சர்க்கரையும் மூட்டு வலியும் சேர்ந்துகொண்டதால், குன்னூர் டாக்டர் பசியைக் குறைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பிரஷர் பார்த்து, இருதயத்தைப் பார்த்து, அப்புறம்தான் எழுதினார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. இவர்களுக்குக் காலைச் சாப்பாடு தேயிலைக் காட்டில்தான் என்பதால், மாத்திரையும் சோற்றுப் பையோடு தினமும் காட்டுக்கு வந்து போகும்.

"எனக்கும் ஒரு அட்டை குடுடீ," என்றாள் தேவி. பக்கத்து வீட்டுக்காரி, பத்து வருசமாகப் பக்கத்து வரிசையில் கொழுந்து பறிப்பவள். "தை மாசம் நெல்லியாளத்துல தங்கச்சி மவ கல்யாணம். பிளவுஸ் முழங்கைக்கு மேல ஏற மாட்டேங்குது."

"புதுசா ஒண்ணு தெச்சுக்க. நீ பிரஷருக்கு மாத்திரை திங்கறவ. உனக்கு இது ஆகாது. அடுத்தவங்களுக்குக் குடுக்கவே கூடாதுன்னு டாக்டர் ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கே மாசம் ரெண்டு கிலோ கொறைஞ்சாப் போதும்னாரு."

"ரெண்டுன்னாரு, ஒம்பது எறங்கியிருக்கு. நீ மட்டும் ஒட்டடக்குச்சியா ஆகோணும், நாங்க இப்படியே உருண்டுட்டுக் கெடக்கோணும்."

தேவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் கொழுந்துப் பையை மெஷினில் இறக்கினாள்.

"பதினெட்டு," என்றான் ரவிக்குமார்.

"ஏனுங்க, கையில தூக்குனா இருபதுக்குக் கொறையாதுங்க."

"மழைங்கக்கா. ஈரத்துக்கு ஆபீஸ்ல சொன்னபடிதான் மெஷின்ல வெச்சிருக்கேன்."

"மழை பேஞ்சா எங்க கையும் பொய் சொல்லும் போல." பையைத் தள்ளிவிட்டு, யாரும் சொல்லாமலே தேவி மெஷினில் ஏறினாள்.

"அறுபத்தி மூணு."

பெண்கள் மறுபடியும் எண்ணை எட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமைதான் தேவி பிரஷர் பார்த்துவிட்டு வந்து, 'ஆஸ்பத்திரி மெஷின்ல எழுபது காட்டுதுடீ' என்று வீடு வீடாகப் போய்ப் புலம்பினாள். ஐந்து நாளில் ஏழு கிலோ.

ரேணுகா தேவியின் தோளைப் பிடித்து மெஷினிலிருந்து இறக்கினாள். "எத்தன தின்ன?"

"என்னத்த?"

"என் மாத்திரைய. நம்ம சோத்துப் பையெல்லாம் ஒரே ஆணியிலதான மாட்டறோம்?"

"சத்தியமாத் தொடலடீ."

"பொய் சொல்லாத. நான் திட்ட மாட்டேன். நெஞ்சு படபடங்குதா? கண்ண இருட்டுதா? தம்பி, ஜீப்ப வரச் சொல்லுங்க. இவள இப்பவே டாக்டர்கிட்டக் கொண்டு போகோணும்."

"நீ கத்தறதுலதான்டீ படபடங்குது," என்றாள் தேவி. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "பத்து வருசம் பக்கத்துல நின்னு பறிச்சவள இத்தன பேரு முன்னாடி திருடிங்கற. எண்ணிப் பாரு."

ரேணுகா தன் சோற்றுப் பையைத் தரையில் கொட்டினாள். முப்பது மாத்திரை வாங்கியது. பதினைந்து நாளுக்குப் பதினைந்து போக, மீதி பதினைந்து இருக்க வேண்டும். அட்டையைத் தடவித் தடவி எண்ணினாள்.

பதினைந்தும் இருந்தன.

"தப்பா நெனச்சுட்டேன்டீ," என்று தேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் மாத்திரையே திங்காம உனக்கு எப்படி எறங்குச்சு?"

ரவிக்குமார் மெஷினைப் பார்த்தான். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்:

"ஈரத்துக்குன்னு உங்க ரெண்டு பேர்த்துலயும் பத்துல ஒண்ணு கழிச்சிருச்சுங்கக்கா."