ஆகாத எண்ணெய்

“இந்த எண்ணெயும் ஆகாதா?”

லைப்ரரியம்மா கரண்டியை அடுப்பு மேடைமேல் ‘டங்’கென்று வைத்தாள். நூலகத்தில் யாரேனும் கிசுகிசுத்தாலும் விரலை உதட்டில் வைத்து அடக்குபவள் அவள். வீட்டுக்குள் மட்டும் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். காரணம், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர்.

“ஆகாதும்மா. சூரியகாந்தி எண்ணெய் முழங்கால் மூட்டை வீங்க வைக்குமாம். போன்ல ஒரு டாக்டர் சொல்றார்.”

“போன மாசம் தேங்காய் எண்ணெய் ரத்தக் குழாயை அடைக்கும்னீங்க. அதுக்கு முன்னால கடலை எண்ணெய். நம்ம டாக்டர் என்ன சொன்னார்? ‘எந்த எண்ணெயா இருந்தாலும் அளவா ஊத்துங்க, ஒருதடவை காய்ச்சினதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க’ன்னார். அவ்வளவுதான். அவர் படிச்ச டாக்டர். உங்க டாக்டர் போனுக்குள்ள குடியிருக்கிறவர்!”

கறி, மீன், முட்டை, பால் அனைத்தையும் துறந்து, காயும் பயறுமே கதியென்று கணவர் மாறியபோது அவள் முகம் சுளிக்கவில்லை. பயறை முளைகட்டினாள், பாதாமை அரைத்துப் பாலெடுத்தாள். ஆனால் இந்த எண்ணெய்ப் பித்து இருக்கிறதே, அது சில மாதங்களாகத்தான் அவரைப் பிடித்து ஆட்டுகிறது. ஆசையாசையாய்ப் பெரிய டின்னாக வாங்கி வருவார். மூடியைத் திறக்குமுன்பே அது ஆகாததாகிவிடும்.

“சரி, நேத்து வாங்கின டின் எங்கே?”

“அதையும் உன் தம்பி வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பிட்டேன்.”

அவ்வளவுதான்.

“நம்ம மூட்டு வீங்கக் கூடாது, என் தம்பி மூட்டு வீங்கலாமா?”

“அவனுக்கென்ன, இள வயசு. கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்.”

“உங்க அண்ணனுக்குக்கூடத்தான் செரிக்கும். அவர் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டாவது போச்சா? வேண்டாததைக் கொட்டுறதுக்கு என் பிறந்த வீடுதான் குப்பைத்தொட்டியா?”

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சண்டை மூளும்போதெல்லாம் அவர் கண்ணாடியில் தூசி படிந்துவிடும்.

“அவன் ஒண்ணும் சொல்லலையே.”

“எப்படிச் சொல்வான்? சின்ன வயசுல பக்கத்துப் பையன்கிட்ட ஒரு பென்சில்கூட இரவல் கேட்டதில்ல அவன். உங்க முகத்துக்காக வாங்கிக்கிறான். அவன் தலையில போய் மிச்சம் மீதியைக் கட்டுறீங்களே, கேவலமா இல்ல?”

செருப்பை மாட்டினாள்.

“எங்கே கிளம்பிட்டே?”

“எல்லா டின்னையும் திருப்பிக் கொண்டுவர!”

“வேண்டாம்மா, சொன்னாக் கேளு...”

அவள் கேட்கவில்லை.

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். இந்நேரம் வேலைக்குப் போயிருப்பான். அவன் மனைவிதான் முகமெல்லாம் வியர்வையோடு கதவைத் திறந்தாள்.

“வாங்கக்கா! என்ன, காலங்காத்தால?”

நேரே அடுக்களைக்குள் நுழைந்து, டின்னின் பிடியைப் பற்றினாள் லைப்ரரியம்மா. தம்பி மனைவி ஓடிவந்து டின்னைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, வேண்டாங்க்கா!”

“விடு! உனக்கு ரோஷமே இல்லையா? அந்த மனுஷன் தனக்கு ஆகாததைத்தான் உங்க தலையில கட்டுறார்.”

“தெரியும்க்கா. அதைச் சொல்லித்தான் குடுத்தனுப்பறாரு.”

“தெரிஞ்சுமா வாங்கினீங்க?”

அப்போதுதான் அடுப்பின்மேலிருந்த பெரிய வாணலி அவள் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஓர் அண்டா நிறைய, மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கு.

“இவ்வளவு வறுவல் யாருக்கு?”

தம்பி மனைவியின் கண் கலங்கிற்று.

“அவருக்கு வேலை போயிடுச்சுக்கா. கம்பெனியையே மூடிட்டாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. நான் வறுத்துத் தர்றேன், அவர் பொட்டலம் கட்டிக் கடைகடையாக் கொண்டுபோய்ப் போடறாரு. கிழங்குக்கு எப்படியோ வழி பண்ணிடறோம். எண்ணெய்தான் கட்டுப்படியாகல. காய்ச்சின எண்ணெயையே திரும்பக் காய்ச்சினா வியாபாரமே வேண்டாம், தின்கிறது சின்னப் பிள்ளைங்கங்கறாரு.”

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் வாங்கித் தந்திருக்க மாட்டேனா?”

“யார் தந்தாலும் தொட மாட்டாரேக்கா! உங்க வீட்டு அண்ணன் தர்றதை மட்டும், ‘மாமா எப்படியும் கீழே கொட்டத்தான் போறார்’னு வாங்கிக்கிறாரு.”

லைப்ரரியம்மாவின் குரல் இறங்கியது.

“வேலை போனது உன் அண்ணனுக்குத் தெரியுமா?”

“ஐயோ, தெரியாதுக்கா! அவருக்கு அவரோட போன் டாக்டர் போதும். ஆனா ஒண்ணு...” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணன் கடைக்கு எதிர்க்கடையிலயும் எங்க பொட்டலம் தொங்கும். எண்ணெய் தீர்ந்து அது என்னிக்குத் தொங்கலையோ, அன்னிக்கே அவருக்கு ஓர் எண்ணெய் ஆகாமப் போயிடும்! எங்க அதிர்ஷ்டத்தைப் பாருங்க!”

லைப்ரரியம்மா மெல்லப் பிடியை விட்டாள்.

“அடுப்பைப் பாரு, கருகப் போகுது” என்று மட்டும் சொன்னாள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் கைப்பேசியை எடுத்தாள்.

“நான்தாங்க. கடைக்குப் போயிட்டீங்களா? இல்ல, டின்னை எடுக்கல. சண்டையும் போடல. சாயங்காலம் வரும்போது நல்லெண்ணெய் வாங்கிட்டு வாங்க. இருக்கிறதுலேயே பெரிய டின்னா.”

மறுமுனையில் அவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

“ஆமாங்க, அதுவும் நமக்கு ஆகாது” என்றாள்.