நடுங்காத வண்டி

“வண்டி நடுங்கவே மாட்டேங்குது, டாரல்” என்றாள் மார்னி. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சாவியைப் பட்டறை மேசையில், அவன் பாதி தின்று வைத்திருந்த சாசேஜ் ரோலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

பாராட்டுகிறாள் என்று நினைத்து டாரல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பழையபடி நடுங்க வைத்துக் கொடு என்றாள்.

பின்னால் தொட்டி வைத்த அந்த யூட், மார்னியின் கணவன் ராஸ் பல வருடம் ஓட்டியது. பண்ணைத் தடத்தில் அடி தட்டுகிறது என்று, ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வைத்துத் தானே இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டிவிட்டான். உடம்பு மேலே போயிற்று. பின் அச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே சுழலும் ஷாஃப்ட், தாங்க வேண்டியதற்கு மேல் சாய்ந்துகொண்டது.

அன்றிலிருந்து வேகம் தொண்ணூறைத் தாண்டினால் இருக்கை ஆடும், பல் ஆடும். ஷாஃப்ட் முனையிலிருக்கும் கிராஸ் என்ற மூட்டு இரண்டு முறை தேய்ந்துபோய் மாற்றியாயிற்று. ராஸ் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

போன வாரம் அவன் புது வண்டி வாங்கினான். பழையதைப் பட்டறையில் விட்டு, இப்போதாவது ஒழுங்காகச் சரிசெய், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிப் போனான்.

டாரல் மனம் வைத்துச் செய்தான். ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைத்து அச்சின் கோணத்தைத் திருத்தினான். ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங்கை, ஓர் இரும்புத் துண்டு கொடுத்துக் கீழே இறக்கினான். நைங்கன் சாலையில் நூற்றுப்பத்தில் ஓட்டிப் பார்த்தபோது, முன்னால் வைத்திருந்த தேநீர்க் குவளையில் அலைகூட எழவில்லை.

அதையெல்லாம் கழற்றச் சொல்லித்தான் வியாழக்கிழமை மத்தியானம் வந்து நிற்கிறாள்.

டாரலுக்குச் சுருக்கென்றது. கோபார் என்ற அந்தச் சின்ன ஊரில் அவனுக்கு விளம்பரப் பலகை கிடையாது. அவன் கைபட்ட வண்டிகள் ஓடுவதுதான் விளம்பரம். ஊர் எல்லையில் புதிதாகப் பட்டறை போட்டவன், டாரலுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று பாரில் சொல்லித் திரிகிறான். இந்த வண்டி ஆடிக்கொண்டு ஊருக்குள் போனால் அவன் வாய்க்குச் சர்க்கரை போட்ட மாதிரி.

“என் கைபட்ட வண்டி ஆடிக்கிட்டு இந்த வாசலத் தாண்டாது” என்றான்.

“அப்போ ஸ்பேனரக் குடு. நானே கழட்டிக்கிறேன்.”

அவன் கொடுக்கவில்லை. அவளே சுவரிலிருந்து ஒன்றை எடுத்தாள், சக்கரப் பலகையை இழுத்துப் போட்டாள், மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். வெளியே தெரிந்தது ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும்தான்.

டாரல் அந்தப் பூட்ஸோடு வாதாடினான். ராஸ் தன்னைக் கேட்காமல் புது வண்டி வாங்கியதில் மார்னிக்கு எரிச்சல் என்று ஊரில் பேச்சு இருந்தது. அவன் சரிசெய்யச் சொன்னதை இவள் கெடுக்க வந்திருக்கிறாள், வேறென்ன?

“உங்க வீட்டுச் சண்டைய உங்க வீட்டுலயே வெச்சுக்க, மார்னி. நடுவுல என் பட்டறைய இழுக்காத.”

“ராஸ் இதுல வரவே இல்ல” என்றது பூட்ஸ். “இது, எத்தனைல ஆட ஆரம்பிக்கும்?”

“தொண்ணூறு. உனக்குத் தெரியாததா?”

“அதுக்குக் கீழ?”

கீழே ஒன்றும் தெரியாது என்றான். தேய்மானம் எப்படி என்று கேட்டாள். தொண்ணூறுக்குள் வைத்துக்கொண்டால் அவ்வளவாகத் தேயாது, மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டினால் கிராஸில் ஆட்டம் விழுவதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னான்.

“மேல போனா?”

“அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. தானா கால எடுத்துருவாங்க.”

“அது போதும்.”

நூற்றுப்பத்தில் போகிற சாலையில் தொண்ணூறில் ஊர்ந்தால், பின்னால் வரும் மாட்டு லாரிக்காரன் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பான் என்று டாரல் எச்சரித்தான். அடித்துக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. ஒரு போல்ட் கிறீச்சிட்டுத் தளர்ந்தது.

டாரலுக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். முகமெல்லாம் செம்மண் உதிர, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“உன் கார் வாசல்ல நல்லாத்தான நிக்குது? நீ இத ஓட்டப்போறதும் இல்ல. அப்புறம் எதுக்கு, நல்லா இருக்குற வண்டிய இப்படிக் கெடுக்குற?”

ஸ்பேனர் நின்றது. இறுக்கம் விட்ட இரும்புத் துண்டை அவன் கையில் வைத்தாள்.

“நாளைக்கு எம் பொண்ணுக்கு லைசென்ஸ் குடுக்குறாங்க, டாரல், வண்டி அவளுக்குத்தான்.”