மூத்தவளின் கல்

மாரீன் கைக்கண்ணாடியைச் சற்றே சாய்த்தாள்.

வெயில் பக்கவாட்டில் போய்க் கல்லின் மேல் விழுந்தது. நேராக விழும் வெளிச்சம் தேய்ந்த எழுத்தை அழித்துவிடும். பக்கத்திலிருந்து வந்தால் நகக்கீறல் அளவு பள்ளத்துக்கும் ஒரு நிழல் உண்டு.

நிழல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

ஆக்னஸ்.

"இது நாம பாத்த ஆளுதானே," என்றான் ஜேபஸ். அவள் கணவன். அவன் தோளில் இரண்டு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பெரிய கல்லு ஆக்னஸ். ஒரே ஆளுக்கு ரெண்டு கல்லா? உங்க தாத்தா நல்ல வசதிதான்."



கல் முழங்கால் உயரம்கூட இல்லை. பாதி மண்ணுக்குள். இரண்டு வருடமாக இந்த மலைக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறாள். உண்ணிச்செடிப் புதருக்குள் இப்படி ஒன்று இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அலெக்ஸாண்டர் டங்கன், அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா. ஸ்காட்லாந்தில் பிறந்து, இங்கே தேயிலை போட வந்தவர். பிறந்த ஊர் தெரியும். பெற்றவர்கள் தெரியாது. அந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் அந்தக் காலத்துப் புத்தகம் மட்டும் இல்லை. வெள்ளத்தில் போயிற்று என்று ஒருவர் எழுதினார். எலி தின்றது என்று இன்னொருவர்.

போனது புத்தகம்தானே. ஆட்கள் எங்கேயாவது இருப்பார்கள்.

இருந்தார்கள். அந்த ஊர்க் கல்லறைகளின் படங்களை வரவழைத்துப் பார்த்தாள். அலெக்ஸாண்டரின் மூத்த மகன் பெயர் வில்லியம்; பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அந்த ஊர் வழக்கம் என்பதால் ஒரு வில்லியம் டங்கனைத் தேடினாள், இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் மனைவி ஆக்னஸ். மற்றவர் மனைவி மார்கரெட். இரண்டு கல்லிலும், இந்தியாவுக்குப் போன மகன் அலெக்ஸாண்டர்.

எந்த வீட்டுப் பிள்ளை இவர்?

அதற்கும் வழி இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். இரண்டாம் மகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர்.

அலெக்ஸாண்டரின் மகள்கள் இருவர் இங்கே கிடக்கிறார்கள். மூத்தவள் மார்கரெட். இளையவள் ஆக்னஸ்.

இரண்டாம் மகள் ஆக்னஸ் என்றால் அலெக்ஸாண்டரின் அம்மாவும் ஆக்னஸ்.

அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். அந்த அம்மாவின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பாஸ்டரிடம் ஆக்னஸ் என்று சொல்லியும் ஆயிற்று.

அவள் கல்லின் அடிப்பக்கத்தை நனைத்தாள். பாசியைப் பிரஷ்ஷால் மெதுவாக ஒதுக்கினாள். சுரண்டக்கூடாது. சுரண்டினால் பாசியோடு எழுத்தும் வந்துவிடும்.

மறுபடி கண்ணாடி.

அலெக்ஸாண்டர் டங்கனின் மகள் என்ற வரியும் வருடங்களும் தெரிந்தன. பிறந்தது, மார்கரெட்டுக்கு இரண்டு வருடம் முன்னால். இறந்தது, ஐந்து வயதில்.

பெரிய கல்லின் ஆக்னஸ் பிறந்தது அதற்கு அடுத்த வருடம்.

அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜேபஸ், இது வேற பொண்ணு. இவதான் மூத்தவ."

"அப்ப அது?"

"இவ போனப்புறம் பொறந்தவ. இவ பேரையே வெச்சிருக்காங்க."

அவன் விரல் விட்டு எண்ணினான். ஆக்னஸ். மார்கரெட். திரும்ப ஆக்னஸ்.

"அப்ப ரெண்டாவது மார்கரெட்டா?"

"ஆமா. அவர் அம்மா மார்கரெட். ரெண்டு வருஷம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன்."

அவன் சிரித்தான். குழந்தை அசையாமல் சிரிக்கப் பழகியிருந்தான். "நல்லவேளை, ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி தெரிஞ்சுது. பாப்பா மார்கரெட். பாஸ்டருக்குப் போன் போட்டுர்றேன்."

அவள் இரண்டு கற்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஐந்து வருடம் கூப்பிட்ட பெயர். அதைக் கல்லில் வெட்டி இங்கே நட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், அடுத்த வருடமே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட. தூங்க. மழையில் நிற்காதே என்று.

எப்படி முடிந்தது?

மாரீனுக்கும் ஜேபஸுக்கும்கூட ஒரு மூத்தவள் இருந்தாள். நான்கு மாதம்தான் உயிரோடு இருந்தாள். அவளுக்கு மாரீனுடைய அம்மாவின் பெயர்தான், ஹேசல். சின்னச் சட்டைகளை ஜேபஸின் அம்மா மடித்துப் பரண்மேல் வைத்தாள். பெயரையும் அவற்றோடு மடித்து வைத்தது போலாயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை.

"மார்கரெட்னு போன் போடாதீங்க," என்றாள்.

"ஏன், இன்னும் சந்தேகமா?"

"சந்தேகமே இல்ல. மார்கரெட் அடுத்தவளுக்கு. இவளுக்கு ஆக்னஸும் வேண்டாம்."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு சின்னக் கல்லைப் பார்த்தான். பிறகு பெரிய கல்லை.



"அம்மா சண்டைக்கு வருவாங்க, மாரீன்."

"வரட்டும். கூட்டிட்டு வந்து இதைக் காட்டுறேன்."

குழந்தை விழித்துச் சிணுங்கியது. அவன் அதைத் தட்டிக்கொண்டே வாசல் பக்கமாக நடந்தான். சிணுங்கல் அழுகையாயிற்று.

அவள் கண்ணாடியைத் துணியில் சுற்றினாள். பிரஷ்ஷை உதறினாள். உண்ணிச்செடிக் கிளைகளை ஒடித்து, சின்னக் கல்லின் மேல் வெயில் படும்படி விலக்கிவிட்டாள்.

"அழாத, அழாத," என்று அவன் சொல்வது கேட்டது.



பிறகு, நான்கு மாதம் மட்டும் கூப்பிட்ட ஒரு பெயரையும் சேர்த்துச் சொன்னான்.

அவள் நிமிரவில்லை. அவன் இன்னொரு முறை சொல்வதற்காகக் காத்திருந்தாள்.