கேக் தின்ற பாவம்

"ஹாங்காங் ஃப்ளூவுக்கு ஊசி ஒண்ணுதான் வந்திருக்கு," என்றார் டாக்டர் திரவியம். "உங்களுக்கு மூச்சு இழுப்பு. ஆனா உங்க வீட்டம்மாவுக்கு இருதயம் மோசம். அவங்களுக்கே போட்டிருவோம்."

"அவளுக்கே போடுங்கோ," என்றார் நீலகண்டன்.

"முட்டையில வளர்த்த மருந்தாக்கும் இது. முட்டை சேராதவங்களுக்குப் போடக்கூடாது."

"மருந்துக்கு தோஷமில்லை டாக்டர். கரமனை அக்ரகாரத்துல முட்டையை யார் கண்டா?" நீலகண்டன் சிரித்தார்.

மனைவி பகவதி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குச் சேராது. போன கிறிஸ்துமஸுக்கு பின் தெரு ஏலியாம்மா ஆத்துல கேக் தின்னேன். மூஞ்சியெல்லாம் வீங்கிடுத்து."

ஊசியை நீலகண்டனுக்குப் போட்டார் டாக்டர்.

அன்றிலிருந்து நீலகண்டன் அவள் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. ஹோட்டல் சாப்பாடுதான். பேச்சும் நின்றுபோயிற்று. பகவதி தினமும் காலையில் காப்பி கலந்து அவர் பக்கத்தில் வைப்பாள். அது அப்படியே ஆறிப்போகும்.

அடுத்த மாதம் தெருவையே காய்ச்சல் படுக்கப் போட்டது. நீலகண்டனுக்கு ஒன்றும் வரவில்லை. பகவதி போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தாள் ஏலியாம்மா. திரவியம் டாக்டரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"நீ குடுத்த கேக்கை அவ தின்னிருக்க வேண்டாம்," என்றார் நீலகண்டன். "தின்னாம இருந்தா அந்த ஊசி அவளுக்குப் போயிருக்கும்."

ஏலியாம்மா விழித்தாள். "கேக்கோ சாமி? நான் குடுக்கிற பழத்தையே மாமி கழுவிட்டுத்தான் உள்ள எடுப்பாங்க. ஊசி ஒண்ணுதான் வந்திருக்குன்னு முந்தின நாளே நான்தான் மாமிகிட்ட சொன்னேன். அது யாருக்குப் போடக்கூடாதுன்னு கேட்டாங்க. முட்டை சேராதவங்களுக்குன்னு சொன்னேன்."